ஜப்பானியத் தேசியவாத எழுச்சியும் பேரரசு விரிவாக்கமும்: காரணங்கள் குறித்த ஒரு மறுநோக்கு

முன்னுரை

ஆசிய வரலாற்றில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி மேலை ஏகாதிபத்தியம் உச்சநிலையை எய்திய காலமாகும். இந்தியா, பர்மா, மலாயா, இந்தோசீனம் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக ஐரோப்பியரின் ஆட்சிக்குள் அடங்கிய அக்காலத்தில், தன் இறைமையைக் காத்துக்கொண்டதோடு, ஏறத்தாழ 50 ஆண்டுகளில் தானும் ஒரு பேரரசாக உருவெடுத்த ஆசிய நாடு ஜப்பான் ஒன்றே. பிறர் ஆதிக்கத்திற்கு அஞ்சிய ஒரு நாடு, தானே ஆதிக்க நாடாக மாறியது எவ்வாறு என்னும் வினா வரலாற்று மாணவர் எவரும் எதிர்கொள்ள வேண்டிய வினாவாகும்.

பாடநூல்களும் பொது வரலாற்று நூல்களும் இவ்வினாவிற்குத் தரும் விடை பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே அமைந்துவிடுகிறது. மூலப்பொருள் பற்றாக்குறை, மக்கள்தொகைப் பெருக்கம், 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி, பேரரசர் வழிபாடு, இராணுவத்தின் செல்வாக்கு, மேலைநாடுகளின் இனப் பாகுபாடு எனக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் பட்டியல் விளக்கமாகிவிடாது. பொருளாதார வீழ்ச்சி உலகம் முழுவதையும் தாக்கியது. மூலப்பொருள் இல்லாத நாடுகள் யாவும் அண்டை நாடுகளைக் கைப்பற்றப் புறப்படவில்லை. எனவே, எந்தக் காரணம் எவ்வகையில் செயற்பட்டது என்பதைப் பிரித்தறிதல் இன்றியமையாததாகிறது.

இக்கட்டுரை அக்காரணங்களை மூவகையாகப் பகுத்து நோக்குகிறது. விரிவாக்கத்திற்குத் திசையைத் தந்தவை ஒருவகை. அதற்கு வேகத்தைத் தந்தவை மற்றொரு வகை. அதனைத் தடுத்திருக்கக்கூடிய ஆற்றல்களை முடக்கியவை மூன்றாவது வகை. இவற்றுள் மூன்றாவதே தலையாயது என்பதும், அதன் வேர்கள் 1930களில் அன்றி 1878 முதல் 1900 வரையிலான ஆண்டுகளில் காணப்படுகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

அச்சத்தில் பிறந்த அரசு

1853ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படைத் தலைவர் மத்தியூ பெர்ரி நான்கு போர்க்கப்பல்களுடன் எடோ விரிகுடாவிற்குள் நுழைந்தார். மறு ஆண்டு கனகாவா உடன்படிக்கையும் 1858ஆம் ஆண்டு வணிக உடன்படிக்கையும் கையெழுத்தாயின. நெதர்லாந்து, ரஷ்யா, பிரிட்டன், பிரான்சு ஆகிய நாடுகளும் அவ்வாண்டிலேயே இத்தகைய உடன்படிக்கைகளைப் பெற்றன. இவற்றின்படி ஜப்பானில் குற்றம் புரியும் வெளிநாட்டவரை ஜப்பானிய நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது. இறக்குமதித் தீர்வையை விதிக்கும் உரிமையும் ஜப்பானுக்கு இல்லை. அபினிப் போரில் சீனா அடைந்த தோல்வியை அறிந்திருந்த ஜப்பானியத் தலைவர்களுக்கு, அடுத்த இரை தம் நாடே என்னும் அச்சம் எழுந்ததில் வியப்பில்லை.

1868ஆம் ஆண்டில் தொகுகாவா ஆட்சி வீழ்ந்து மெய்ஜி அரசு அமைந்தது. வளமான நாடு, வலிமையான படை என்பது புதிய அரசின் முழக்கமாயிற்று. 1871ஆம் ஆண்டு குறுநிலங்கள் ஒழிக்கப்பட்டு மாவட்டங்கள் உருவாக்கப்பட்டன. 1872ஆம் ஆண்டு பொதுக் கல்விச் சட்டமும், 1873ஆம் ஆண்டு கட்டாயப் படைச்சேவையும், நிலமதிப்பில் நூற்றுக்கு மூன்று என்னும் புதிய நிலவரியும் நடப்புக்கு வந்தன. இவ்வளவும் ஐந்தாண்டுகளுக்குள் நிகழ்ந்தவை. இச்சீர்திருத்தங்கள் மக்களின் கோரிக்கையால் எழுந்தவை அல்ல. நாட்டைக் காக்கும் நோக்குடன் ஒரு சிறு குழுவினர் மேலிருந்து புகுத்தியவை. கனடிய வரலாற்றறிஞர் எர்பர்ட் நார்மன் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கூறினை வற்புறுத்தினார். அவருடைய முடிவுகள் சில பின்னர் மறுக்கப்பட்டிருப்பினும், மேலிருந்து கட்டப்பட்ட அரசு என்னும் அவர்தம் அடிப்படை நோக்கு இன்றும் பயனுடையதே.

ஈண்டு ஒரு முரண் கருதத்தக்கது. சமமற்ற உடன்படிக்கைகளால் துன்புற்ற ஜப்பான், தன்மீதான தளைகள் நீங்கும் முன்பே, 1876ஆம் ஆண்டு கொரியாவின்மீது அத்தகைய உடன்படிக்கையைச் சுமத்தியது. கங்வா உடன்படிக்கையின் வழி, கொரியாவில் வாழும் ஜப்பானியர் கொரிய நீதிமன்றங்களுக்குக் கட்டுப்படாதோர் ஆயினர். 1879ஆம் ஆண்டு ரியூக்யூ நாடு ஒக்கினாவா மாவட்டமாக இணைக்கப்பட்டது. தன்மீது பிரிட்டனும் பிறநாடுகளும் கொண்டிருந்த நீதிமன்ற உரிமையை ஜப்பான் ஒழித்தது 1899ஆம் ஆண்டில்தான். தீர்வை உரிமையை முழுமையாக மீட்டது 1911ஆம் ஆண்டில்தான். ஆளப்படுபவன், ஆள்பவன் என இரு நிலைகளே உலகில் உள்ளன என்னும் பாடத்தை மெய்ஜி தலைவர்கள் மேலைநாடுகளிடமிருந்து கற்றிருந்தனர். விரிவாக்கத்திற்குத் திசையைத் தந்தது இப்பாடமே.

படைக்கு வழங்கப்பட்ட தனியுரிமை

1877ஆம் ஆண்டு சட்சுமாவில் எழுந்த சாமுராய்க் கிளர்ச்சியை அரசு ஒடுக்கியது. அதனை அடுத்து, அரசியல் பூசல்களுக்கு அப்பாற்பட்டதாகப் படை இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. இதன் விளைவாக 1878ஆம் ஆண்டு தரைப்படையின் தலைமைப் பணியகம் அமைச்சரவையின் கட்டுப்பாட்டிலிருந்து பிரிக்கப்பட்டுப் பேரரசரின் நேரடிப் பொறுப்பில் வைக்கப்பட்டது. 1882ஆம் ஆண்டு படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட பேரரசரின் திருவாணை, வீரர்கள் அரசியலில் தலையிடலாகாது என வலியுறுத்தியதோடு, அவர்தம் பற்று பேரரசர் ஒருவருக்கே உரியது என்றும் வகுத்தது.

1889ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் வெளியிடப்பட்ட மெய்ஜி அரசியலமைப்பு இவ்வேற்பாட்டுக்குச் சட்ட வடிவம் தந்தது. அதன் 11ஆம் பிரிவு தரைப்படை, கடற்படை ஆகியவற்றின் தலைமை அதிகாரத்தைப் பேரரசருக்கு அளித்தது. அமைச்சர்கள் பேரரசருக்கு அறிவுரை கூறிப் பொறுப்பேற்க வேண்டும் என 55ஆம் பிரிவு கூறிய போதிலும், படைத்தலைமை தொடர்பானவை இதற்கு விலக்கு என்பது நடைமுறையாயிற்று. ஆகவே, நாட்டின் நிதியையும் வெளியுறவையும் அமைச்சரவை கவனிக்க, படையை எங்கு, எவ்வாறு செலுத்துவது என்பதைத் தலைமைப் பணியகம் பேரரசரிடம் நேரே எடுத்துரைக்கும் நிலை உருவானது. இவ்விரண்டும் முரண்பட்டால் தீர்த்து வைப்பவர் யார் என்பதற்கு அரசியலமைப்பில் விடையில்லை.

மெய்ஜி மூத்த தலைவர்கள் உயிருடன் இருந்தவரை இக்குறை வெளிப்படவில்லை. இத்தோ இரோபுமி, யாமகட்டா அரித்தோமோ போன்றோர் அரசையும் படையையும் உருவாக்கியவர்கள் ஆதலின், தங்களுக்குள் பேசி முடிவெடுத்தனர். அமைப்பு செய்ய வேண்டிய பணியை மனிதர்களின் உறவு செய்தது. 1922ஆம் ஆண்டு யாமகட்டா மறைந்தார். அத்தலைமுறை மறைய, இணைப்புக் கயிறும் அறுந்தது.

1900ஆம் ஆண்டு யாமகட்டாவின் அமைச்சரவை மற்றொரு விதியையும் ஏற்படுத்தியிருந்தது. தரைப்படை, கடற்படை அமைச்சர்களாகப் பணியிலுள்ள உயர்நிலைப் படைத்தலைவர்களே அமர்த்தப்பட வேண்டும் என்பது அவ்விதி. படைத்துறை தன் அமைச்சரைத் திரும்பப் பெற்று, மாற்று ஒருவரைத் தர மறுத்தால், அமைச்சரவை கவிழ்ந்துவிடும். 1912ஆம் ஆண்டு கொரியாவில் இரண்டு படைப்பிரிவுகளைக் கூடுதலாக நிறுவ நிதி மறுக்கப்பட்டபோது, தரைப்படை அமைச்சர் பதவி விலகினார். சயோன்ஜியின் அமைச்சரவை வீழ்ந்தது. மக்கள் எதிர்ப்பால் 1913ஆம் ஆண்டு தளர்த்தப்பட்ட இவ்விதி, 1936ஆம் ஆண்டு மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1937ஆம் ஆண்டு உகாக்கி கசுசிகே பிரதமராக அழைக்கப்பட்டும் அமைச்சரவை அமைக்க இயலாமற் போனமைக்கும், 1940ஆம் ஆண்டு யோனாயின் அமைச்சரவை வீழ்ந்தமைக்கும் படைத்துறையின் இம்மறுப்புரிமையே காரணமாகும்.

கல்வியும் பேரரசர் பற்றும்

அரசமைப்பு படையைக் கட்டின்றி விட்டது என்றால், அதனைக் கேள்வி கேட்கும் மனப்பாங்கு மக்களிடம் வளராதவாறு கல்வி செய்தது. 1890ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் வெளியான கல்வி பற்றிய திருவாணை, பெற்றோர்மீது அன்பு, உடன்பிறப்புகளிடையே நட்பு ஆகிய கன்பூசிய அறங்களை எடுத்துக்கூறி, அவற்றின் முடிவாக, இடர்வரும் காலத்தில் பேரரசரின் அரியணைக்காகத் துணிந்து தன்னை ஒப்படைக்க வேண்டும் என்றது. அறமும் அரசப் பற்றும் ஒன்றாயின. திருவாணையின் படி ஒவ்வொன்றும் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டு, விழா நாள்களில் மாணவர் தலைகுனிந்து நிற்கத் தலைமையாசிரியரால் வாசிக்கப்பட்டது.

இதற்கு முதலில் இரையானோர் ஆசிரியர்களே. 1891ஆம் ஆண்டு சனவரியில், தோக்கியோவின் முதலாம் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த உச்சிமுரா கன்சோ என்னும் கிறித்தவர், திருவாணையின் முன் போதிய அளவு தலைவணங்கவில்லை எனக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பணியை இழந்தார். 1892ஆம் ஆண்டு தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் கூமே குனித்தாகே, சிந்தோ சமயத்தைப் பழங்கால வான்வழிபாட்டின் எச்சம் என ஆராய்ந்து எழுதியமைக்காகப் பதவி நீங்க நேர்ந்தது. 1903ஆம் ஆண்டு முதல் தொடக்கப்பள்ளிப் பாடநூல்களை அரசே வெளியிடும் முறை ஏற்பட்டது. அப்பத்தாண்டின் முடிவிற்குள், பள்ளி வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் பள்ளியில் சேர்ந்திருந்தனர். ஆசியாவிலேயே எழுத்தறிவு மிக்க ஒரு சமுதாயம் உருவானது என்பது பெருமைக்குரியது. அச்சமுதாயம் முழுவதும் ஒரே பாடநூலைப் படித்தது என்பதையும் உடன் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.

நகர்ந்துகொண்டே சென்ற எல்லைக்கோடு

1890ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் நாடாளுமன்றத்தில் பிரதமர் யாமகட்டா ஒரு கொள்கையை விளக்கினார். நாட்டுக்கு இருவகை எல்லைகள் உண்டு என்றார் அவர். ஒன்று இறைமை எல்லை. மற்றொன்று அதனைப் பாதுகாக்கும் நலன் எல்லை. ஜப்பானைப் பொறுத்தவரை அந்நலன் எல்லை கொரியாவில் அமைவதாக அவர் கருதினார். தற்காப்பிற்கெனக் கூறப்பட்ட இக்கருத்துக்குள் ஓர் இடர் மறைந்திருந்தது. நலன் எல்லை கைவசமானதும் அது இறைமை எல்லையாகிவிடுகிறது. அதனைக் காக்க அதற்கப்பால் வேறொரு நலன் எல்லை தேவைப்படுகிறது. இக்கோடு எங்கே நிற்கும் என்பதற்கு அக்கொள்கையில் வரையறை இல்லை.

அடுத்த 50 ஆண்டுகளின் வரலாறு இதற்குச் சான்றாகும். கொரியாவில் செல்வாக்குப் பெறும் போட்டியே 1894 - 1895ஆம் ஆண்டுகளில் சீனாவுடனான போராக முடிந்தது. சிமோனோசெக்கி உடன்படிக்கையால் ஜப்பான் தைவானையும் லியாவோதுங் தீபகற்பத்தையும் 20 கோடி தேல் வெள்ளி இழப்பீட்டையும் பெற்றது. ஆனால் ரஷ்யா, ஜெர்மனி, பிரான்சு ஆகிய மூன்றும் தலையிட்டு லியாவோதுங்கைத் திருப்பித் தரச் செய்தன. மூன்றாண்டுகளுக்குள் அதே தீபகற்பத்தின் ஆர்தர் துறைமுகத்தை ரஷ்யா குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. இந்நிகழ்ச்சி ஜப்பானியப் பொதுமக்களின் நெஞ்சில் ஆறாத வடுவை ஏற்படுத்திற்று. போர் இழப்பீட்டுப் பணத்தின் பெரும்பகுதி படைப் பெருக்கத்திற்கே செலவிடப்பட்டது.

1904 - 1905ஆம் ஆண்டுகளில் ரஷ்யாவுடன் நிகழ்ந்த போரில் ஜப்பான் வென்றது. ஆசிய நாடொன்று ஐரோப்பிய வல்லரசை வென்ற அச்செய்தி இந்தியாவில் பெரும் எழுச்சியை ஊட்டியது. சிறுவனாயிருந்த ஜவகர்லால் நேருவின் உள்ளத்தை அது கிளர்ந்தெழச் செய்ததை அவர் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். ஆனால் அவ்வெற்றியின் முதற்பயன் கொரியாவின் அடிமைத்தனமே. 1905ஆம் ஆண்டு கொரியா ஜப்பானின் காப்பு நாடாக்கப்பட்டது; 1910ஆம் ஆண்டு முழுமையாக இணைக்கப்பட்டது. ஜப்பானுக்குள்ளும் அவ்வெற்றி கசப்பாகவே முடிந்தது. 80,000க்கும் மேற்பட்ட வீரர்களைப் பலிகொடுத்த மக்கள், போர்ட்ஸ்மத் உடன்படிக்கையில் இழப்பீட்டுத்தொகை கிடைக்கவில்லை என்றறிந்ததும் தோக்கியோவின் கிபியா பூங்காவில் திரண்டு கலகம் செய்தனர். மக்கட் தேசியம் அரசின் கைப்பாவையாக மட்டும் இருக்கவில்லை. சில வேளைகளில் அரசையே முன்னோக்கித் தள்ளும் ஆற்றலாகவும் விளங்கியது.

கொரியாவைக் காக்கத் தென்மஞ்சூரியா வேண்டும் என்பது அடுத்த படி. ரஷ்யாவிடமிருந்து பெற்ற இருப்புப்பாதையை நடத்த 1906ஆம் ஆண்டு தென்மஞ்சூரிய இருப்புப்பாதைக் கழகம் நிறுவப்பட்டது. அப்பாதையைக் காத்த படையே 1919ஆம் ஆண்டு முதல் குவாண்டுங் படை என்னும் பெயர் பெற்றது. பின்னர் மஞ்சூரியாவைக் காக்க வடசீனமும், சீனப் போரை முடிக்கத் தென்கிழக்காசியாவும் தேவைப்பட்டன. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் பாதுகாப்புக்கெனவே எடுத்துவைக்கப்பட்டது என்பதே இவ்வரலாற்றின் அவலம்.

இனச் சமத்துவமும் மேலைநாடுகளும்

ஜப்பானியத் தேசியவாதிகளின் மனக்குறைகளுள் நியாயமானவையும் உண்டு என்பதை மறுத்தல் ஆகாது. 1919ஆம் ஆண்டு பாரிஸ் அமைதி மாநாட்டில், அனைத்துலகச் சங்கத்தின் அமைப்பாவணத்தில் இனச் சமத்துவக் கொள்கையைச் சேர்க்க ஜப்பான் முன்மொழிந்தது. வாக்கெடுப்பில் 17 பேருள் 11 பேர் ஆதரித்த பின்னும், ஒருமித்த கருத்து இல்லை எனக் கூறித் தலைவர் உட்ரோ வில்சன் அதனை ஏற்கவில்லை. 1922ஆம் ஆண்டு வாசிங்டன் உடன்படிக்கை அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் ஆகியவற்றின் பெரும் போர்க்கப்பல்களை 5:5:3 என்னும் விகிதத்தில் வரையறுத்தது. 1924ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஜப்பானியக் குடியேறிகளை முற்றாக விலக்கியது.

ஆயினும் இனச் சமத்துவம் கேட்ட அதே 1919ஆம் ஆண்டின் மார்ச்சில், விடுதலை கேட்டு எழுந்த கொரிய மக்களை ஜப்பானியப் படை சுட்டு ஒடுக்கியது. 1923ஆம் ஆண்டு காந்தோ நிலநடுக்கத்தின்போது பரவிய வதந்தியால் தோக்கியோவிலும் அதன் சுற்றுவட்டாரங்களிலும் கொரியர் பெருந்தொகையில் கொல்லப்பட்டனர். எனவே, ஜப்பானிய அரசு கோரியது அனைவருக்குமான சமத்துவம் அன்று. ஆளும் இனங்களின் வரிசையில் தனக்கும் ஓர் இடம் என்பதே. மேலைநாடுகளின் பாகுபாடு ஜப்பானியத் தேசியத்திற்கு வேகம் தந்தது. ஆனால் திசை முன்னரே வகுக்கப்பட்டிருந்தது.

பொருளாதார வாதமும் அதன் மறுப்பும்

இயற்கை வளமற்ற தீவு நாட்டிற்குக் குடியேற்ற நாடுகள் இன்றியமையாதவை என்பது அக்காலத்தில் மிகுதியும் எடுத்துரைக்கப்பட்ட வாதம். இன்றும் பாடநூல்களில் இது முதற்காரணமாக இடம்பெறுவதுண்டு. இவ்வாதத்தை ஜப்பானிலேயே ஒருவர் புள்ளிவிவரங்களுடன் மறுத்துள்ளார். தோயோ கெய்சாய் சிம்போ என்னும் பொருளியல் இதழின் எழுத்தாளர் இசிபாசி தன்சான், 1921ஆம் ஆண்டில் எழுதிய தலையங்கங்களில் கொரியா, தைவான், மஞ்சூரிய நலன்கள் அனைத்தையும் ஜப்பான் விட்டுவிட வேண்டும் என்றார். கொரியா, தைவான், குவாண்டுங் ஆகிய மூன்றோடும் முந்தைய ஆண்டில் நடந்த வணிகம் 90 கோடி யென்னுக்குச் சற்றே மேல். அமெரிக்காவுடன் நடந்ததோ 143 கோடிக்கும் மேல். இந்தியாவுடன் மட்டுமே 58 கோடிக்கும் மேல் எனக் கணக்கிட்டுக் காட்டினார். ஆள்வதைவிட வணிகம் செய்வதே இலாபம் என்பது அவர்தம் முடிவு. அவர் குரல் எடுபடவில்லை. ஆனால் மாற்றுவழி எண்ணிப் பார்க்கப்படாத ஒன்றன்று என்பதற்கு அது சான்றாக நிற்கிறது. போருக்குப் பின், 1956ஆம் ஆண்டு டிசம்பரில் அவரே ஜப்பானின் பிரதமரானார்.

1929ஆம் ஆண்டின் வீழ்ச்சி ஜப்பானை, சிறப்பாக அதன் சிற்றூர்களை, கடுமையாகத் தாக்கியது என்பது உண்மை. அமெரிக்கச் சந்தையை நம்பியிருந்த பட்டு விலை சரிந்தது. வடகிழக்குப் பகுதிகளில் விளைச்சலும் பொய்த்து, உழவர் தம் பெண்மக்களை விற்கும் அவலம் நேர்ந்தது. படையின் இளநிலை அதிகாரிகள் பலர் இத்துயரைத் தம் வீரர்களின் வாயிலாக அறிந்திருந்தனர். கட்சிகளையும் பெருவணிகக் குடும்பங்களையும் அவர்கள் வெறுத்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

எனினும் கால வரிசையை உற்றுநோக்கின் வேறொரு செய்தி புலப்படும். 1931ஆம் ஆண்டு டிசம்பரில் நிதியமைச்சரான தக்காகாசி கொரெகியோ யென்னைத் தங்கத்திலிருந்து விடுவித்து, அரசுச் செலவைப் பெருக்கினார். ஜப்பான் மிக விரைவாக மீண்ட நாடுகளுள் ஒன்றாயிற்று. அதன் மலிவான பருத்தித் துணி இந்தியச் சந்தையை நிரப்பியதால், 1933ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இந்திய அரசு பிரிட்டன் அல்லாத நாடுகளின் துணிக்கு 75 விழுக்காடு தீர்வை விதித்தது. ஜப்பானிய ஆலைகள் இந்தியப் பஞ்சை வாங்க மறுத்தன. சிம்லாவில் பேச்சு நடந்து 1934ஆம் ஆண்டு உடன்பாடு ஏற்பட்டது. குடியேற்ற நாடுகளின் கதவடைப்பு ஜப்பானுக்கு இடர் தந்தது. ஆயினும் பேச்சின் மூலம் தீர்வு காண இயலும் என்பதற்கும் இந்நிகழ்ச்சியே சான்று. பொருளாதாரம் மீண்டதும் படைச் செலவைக் குறைக்க முயன்ற தக்காகாசி, 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் கிளர்ச்சி செய்த படையதிகாரிகளால் கொல்லப்பட்டார். வறுமையே விரிவாக்கத்தின் அடிப்படைக் காரணம் எனின், மீட்சிக்குப் பின் அது தணிந்திருத்தல் வேண்டும். மாறாக அது பெருகியது.

தடையற்ற பத்தாண்டு

1928ஆம் ஆண்டு சூனில் குவாண்டுங் படையின் அதிகாரிகள் மஞ்சூரியத் தலைவர் சாங் சோலினின் தொடர்வண்டியை வெடிவைத்துத் தகர்த்துக் கொன்றனர். பிரதமர் தனகா கிச்சி குற்றவாளிகளைத் தண்டிக்க இயலாமல் பதவி விலகினார். 1930ஆம் ஆண்டு இலண்டன் கடற்படை உடன்படிக்கையில் பிரதமர் அமகுச்சி கையெழுத்திடச் செய்தபோது, பேரரசரின் படைத்தலைமை உரிமையை மீறினார் எனக் கண்டிக்கப்பட்டார்; அவ்வாண்டு நவம்பரில் சுடப்பட்டு, மறு ஆண்டு உயிர் நீத்தார். 1889ஆம் ஆண்டு எழுதப்பட்ட 11ஆம் பிரிவு இப்போது கொலைக்குரிய நியாயமாகப் பயன்பட்டது.

1931ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், இசிவாரா கஞ்சி, இத்தாகாக்கி செய்சிரோ ஆகிய குவாண்டுங் படையதிகாரிகளின் திட்டப்படி முக்டன் அருகே இருப்புப்பாதையில் வெடி வைக்கப்பட்டது. பழி சீனர்மீது போடப்பட்டு மஞ்சூரியா கைப்பற்றப்பட்டது. போரை விரிவாக்குவதில்லை என அமைச்சரவை முடிவெடுத்தும் பயனில்லை. கொரியாவிலிருந்த ஜப்பானியப் படை பேரரசரின் ஆணையின்றியே எல்லையைக் கடந்தது. அதற்கான செலவை அமைச்சரவை பின்னர் ஒப்புக்கொண்டது. செய்தித்தாள்கள் வெற்றியைக் கொண்டாடின. 1932ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பிரதமர் இனுக்காய் கொல்லப்பட்டதோடு கட்சி அமைச்சரவைகளின் காலம் முடிந்தது. கொலையாளிகளுக்குக் கருணை காட்டுமாறு மக்கள் பெருந்திரளாக மனு அளித்தனர். 1933ஆம் ஆண்டு அனைத்துலகச் சங்கம் 42க்கு ஒன்று என்னும் வாக்கால் ஜப்பானின் நிலையை நிராகரித்தபோது, சயாம் மட்டும் வாக்களிக்கவில்லை. ஜப்பான் சங்கத்திலிருந்து விலகியது.

அறிவுலகத்தின் வாயும் அடைக்கப்பட்டது. 1925ஆம் ஆண்டு ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை தந்த அதே நாடாளுமன்றம் இயற்றிய அமைதிப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே இடதுசாரிகளை ஒடுக்கியிருந்தது. பேரரசர் அரசின் ஓர் உறுப்பே என நெடுங்காலம் கற்பித்துவந்த சட்டப் பேராசிரியர் மினோபே தத்சுகிச்சி, 1935ஆம் ஆண்டு துரோகி எனத் தூற்றப்பட்டு, அவர்தம் நூல்கள் தடைசெய்யப்பட்டன. படைக்கு வரம்பு விதிக்கத்தக்க ஒரே சட்டக் கோட்பாடு அவருடன் வீழ்ந்தது.

1937ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் மார்க்கோ போலோ பாலத்தருகே தொடங்கிய மோதல் முழுப் போராயிற்று. டிசம்பரில் நாஞ்சிங்கில் பெரும் படுகொலை நிகழ்ந்தது. தன்னிறைவு தேடித் தொடங்கிய இப்போர் ஜப்பானைப் பிறநாடுகளிடம் மேலும் சார்ந்திருக்கச் செய்தது. அது எரித்த எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1941ஆம் ஆண்டு சூலையில் ஜப்பானியப் படை தென் இந்தோசீனத்தில் புகுந்ததும் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. பின்வாங்குவது, அல்லது கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெயைக் கைப்பற்றுவது என்னும் நிலையில், பின்வாங்கும் முடிவை எடுக்கும் பொறுப்பை ஏற்க அரசமைப்பில் எவரும் இல்லை. போருக்குப் பின் மருயாமா மசாவோ தம் கட்டுரைகளில், இதனைப் பொறுப்பின்மையே ஓர் அமைப்பாக உருவான நிலை என ஆராய்ந்தார். போரைத் தொடங்கியவர் தாமே எனக் கருதிய தலைவர் ஒருவரும் இல்லை என்பது அவர்தம் கூர்ந்த நோக்கு. பேரரசர் இரோகித்தோவின் பங்கு மிகுதி என எர்பர்ட் பிக்ஸ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இவ்விவாதம் தொடர்வதே, பொறுப்பு எங்கும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை என்பதைக் காட்டும்.

ஆசிய விடுதலை என்னும் முழக்கம்

1940ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பெருங்கிழக்காசியக் கூட்டுவளமண்டலம், ஆசியா ஆசியருக்கே என்னும் முழக்கத்தைத் தாங்கி வந்தது. இதன் உட்பொருளை இந்தியச் சிந்தனையாளர் ஒருவர் முன்னரே உணர்ந்திருந்தார். 1916ஆம் ஆண்டு ஜப்பானில் உரையாற்றிய இரவீந்திரநாத் தாகூர், மேலைத் தேசியவாதத்தை ஜப்பான் பின்பற்றுவதைக் கடிந்துரைத்தார். 1938ஆம் ஆண்டு, சீனப் போரை ஆசியாவின் நன்மைக்கானது என நியாயப்படுத்திய கவிஞர் யோனே நொகுச்சிக்கு அவர் எழுதிய மடல்களும் அதே கருத்தின.

மலாயாவின் பட்டறிவு அக்கணிப்பை மெய்ப்பித்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை தரையிறங்குவதற்கு முன்பே, நவம்பர் 20ஆம் நாள் தோக்கியோ வகுத்த தென்பகுதி ஆட்சிக் கொள்கை மூன்று நோக்கங்களைக் குறித்தது: ஒழுங்கை நிலைநாட்டல், பாதுகாப்புக்கான வளங்களை விரைந்து பெறல், படையினரின் தேவையை அங்கேயே நிறைவுசெய்தல். இதனால் மக்களின் வாழ்வுக்கு நேரும் நெருக்கடி பொறுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்றும், விடுதலை இயக்கங்களை உரிய காலத்திற்கு முன் ஊக்குவிக்கலாகாது என்றும் அக்கொள்கை கூறியது. 1943ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் மலாயாவைப் பேரரசின் நிலப்பகுதியாகவே வைத்துக்கொள்ள முடிவெடுக்கப்பட்டது.

இவ்வேட்டையும் நிகழ்ச்சிகளையும் இணைத்துக் காண்போருக்கு, சயாம் - பர்மா இருப்புப்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுப் பல்லாயிரவராய் மாண்ட தமிழ்த் தொழிலாளரின் அவலம் ஒரு தற்செயல் அன்று என்பது விளங்கும். அதேவேளை, ஜப்பானின் முழக்கத்தை நம்பி விடுதலைக்காக முன்வந்த இந்தியரைப் பேதையர் எனக் கருதுவதும் வரலாற்று நேர்மையாகாது. 1942ஆம் ஆண்டின் இறுதியிலேயே, இந்தியத் தேசிய இராணுவத்தின் நிலை குறித்து உறுதிமொழி கேட்டுப் பிணங்கிய மோகன் சிங் சிறைப்பட்டார். ஜப்பானின் நோக்கத்தை ஐயுற்றவாறே அதனைப் பயன்படுத்த முயன்றோர் அவருள் பலர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் பின்வரும் முடிவுகள் பெறப்படும். ஜப்பானிய விரிவாக்கத்திற்குத் திசையைத் தந்தது, ஆளாதவன் ஆளப்படுவான் என்னும் அச்சமும் அதிலிருந்து பிறந்த நலன் எல்லைக் கொள்கையுமாகும். இனப் பாகுபாடும், பொருளாதார வீழ்ச்சியும், வெற்றியில் தோய்ந்த மக்கள் உணர்ச்சியும் அதற்கு வேகம் ஊட்டின. ஆனால் பேரழிவை உறுதிசெய்தது, படையை மக்களின் பேராளர்களுக்குக் கட்டுப்படாத நிலையில் வைத்த அரசமைப்பும், அந்நிலையைக் கேள்வி கேட்போரைத் துரோகியராக்கிய கல்வியுமே. இசிபாசியும் மினோபேயும் தக்காகாசியும் ஜப்பானில் தோன்றியவர்களே. மாற்றுக் கருத்து அங்கு இல்லாமலில்லை. அது செயற்படுவதற்கான இடமே பறிக்கப்பட்டது.

இதனை ஓர் இனத்தின் இயல்பு என விளக்குவது தவறாகும். ஜப்பானிய வரலாற்றாசிரியர் இயேனாகா சபுரோ, போர்க்காலக் கொடுமைகளைப் பாடநூலில் எழுதும் உரிமைக்காக 1965ஆம் ஆண்டு முதல் 1997ஆம் ஆண்டு வரை தம் அரசுக்கு எதிராக வழக்காடி, இறுதியில் ஓரளவு வெற்றியும் பெற்றார். 1891ஆம் ஆண்டு உச்சிமுரா இழந்த இடத்தை மீட்கும் போராட்டமாக அதனைக் கருதலாம். மலேசியா, சிங்கப்பூர் வகுப்பறைகளில் ஜப்பானியர் காலத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், கொடுமைகளை எடுத்துரைப்பதோடு, அவற்றைத் தடுத்திருக்கக்கூடிய நிறுவனங்கள் எப்போது, எவ்வாறு வலுவிழந்தன என்பதையும் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். சப்பானியர் காலத்தில் மாண்டோரின் நினைவுக்கு வரலாற்றுக் கல்வி செய்யத்தக்க கைம்மாறு அதுவேயாகும்.